மேல்சரிவு சாதெனிக்

கார்மிர்தாஷ் ஊரில் சாதெனிக்கை யாரும் தகப்பன் பேரைச் சொல்லியோ புருஷன் பேரைச் சொல்லியோ அடையாளம் காட்டுவதில்லை. "மேல்சரிவு சாதெனிக்" என்றால் போதும். அர்ப்பா ஆற்றங்கரையில் இருக்கிற அத்தனை ஊரிலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆர்மீனியாவில் ஒரு பெண்ணுக்கு நிலத்தின் பேரே பட்டமாக ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அந்தப் பட்டம் அவளுக்கும் சும்மா வந்துவிடவில்லை.

அவள் அப்பா போருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. கூட்டுப்பண்ணை மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துதான் அம்மா அவளை ஆளாக்கினாள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு சாதெனிக் டிராக்டர் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ள அந்த இரும்பு எருமை மேல ஏறி உக்காந்தா எவன்டி உன்னைக் கட்டிக்குவான்?"

"கட்டிக்கிறவன் வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கட்டும்மா. பிரேக் போட எனக்குத் தெரியும்."

வகுப்பில் அவள் ஊரிலிருந்து இன்னொருவனும் படித்தான். கார்னிக் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பரீட்சை அன்று அவள் சங்கிலிச் சக்கர வண்டியை மேட்டில் ஏற்றி, திருப்பி, பின்னால் நகர்த்திக் கோடு தாண்டாமல் நிறுத்தினாள். கார்னிக் வேலியைச் சாய்த்துவிட்டுத் தேறினான். "நீ வேலியோட சேர்த்துப் பாஸாயிட்டடா" என்று அவள் சிரித்ததை அவன் பல வருஷம் மறக்கவில்லை. பேச்சில் கெட்டிக்காரன், டிராக்டரை விட்டுவிட்டுக் கட்சி வேலை, பண்ணை அலுவலகம் என்று மேலே போனான். அவள் டிராக்டரிலேயே இருந்தாள்.

அந்த நாளில்தான் மேல்சரிவின் கதை தொடங்குகிறது. ஊருக்குத் தலைக்கு மேலே, ஆடுகூட அண்டாத கல்லாங்காடு அது. பண்ணைக்குப் புதிதாக வந்திருந்த விவசாய அதிகாரி ஒருவர் அங்கே போய்க் குழி தோண்டிப் பார்த்துவிட்டு வந்தார். மேலே ஒரு முழத்துக்குக் கல்லும் செம்மண்ணும், அதற்குக் கீழே கைப்பட்டால் உதிர்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. "இங்க ஒயினுக்கான அரெனி திராட்சை வைக்கலாம்" என்றார்.

ஊரே சிரித்தது. மலைமேல் குளிர்காலத்தில் எச்சில் துப்பினால் தரையில் விழுமுன் உறைந்துவிடும். அங்கே போய்த் திராட்சையா? அதிகாரி பொறுமையாகச் சொன்னார். குளிர்காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். ஆற்றங்கரைக் கொடி கருகுகிற அன்றும் மேட்டுக்கொடி தப்பிக்கும். பகலில் வெயில் காய்ச்சி எடுக்கும், ராத்திரி ஆகஸ்டிலும் கம்பளி கேட்கும். அதில் வளர்கிற பழத்துக்குத் தோல் தடிக்கும், புளிப்பு போகாது. வேர் சுண்ணாம்பு வெடிப்புக்குள் இறங்கிவிட்டால் தண்ணீர் கேட்டு அழாது.

அவர் சொன்னது அத்தனையும் பின்னால் அப்படியே நடந்தது. ஆனால் அன்றைக்கு அந்தச் சரிவில் டிராக்டரை ஏற்ற ஆண் ஓட்டுநர் ஒருவரும் முன்வரவில்லை. வண்டி உருண்டால் ஆற்றில்தான் போய் நிற்கும்.

"நான் ஏத்தறேன்" என்றாள் சாதெனிக். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

இலையுதிர் காலம் முழுக்க அவள் அந்தச் சரிவைக் கீறினாள். கலப்பைக்கு முன்னால் பாறை புரண்டது; பின்னால் பெண்கள் வரிசையாக நின்று கல் பொறுக்கி வரப்பு கட்டினார்கள். வரப்பு கட்டப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு கல்தச்சன் வந்திருந்தான். ஸாவென் என்று பெயர். ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு. ஒரு நாள் சாயங்காலம் அவன் டிராக்டருக்கு நேர் முன்னால் வந்து நின்றான். அவள் பிரேக் போட்டாள்.

"என்னய்யா, சாகணுமா?"

"இல்ல, ஊருக்குப் போகணும். கால் வலிக்குது. ஏத்திக்குங்க."

அவளுக்கு அம்மாவிடம் தான் சொன்ன பதில் ஞாபகம் வந்து முகம் சிவந்துவிட்டது. அடுத்த வருஷமே கல்யாணம். அம்மாவைத் தனியாக விட முடியாது என்பதால் ஸாவென் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். ஊர் சும்மா இருக்குமா?

"ஸாவென், முதலாளியம்மா வண்டிச் சாவியைக் கண்ணுலயாவது காட்டுனாங்களா?"

"சாவி எதுக்குப்பா? சுடச்சுடச் சாப்பாடு போடறாங்க. உன் வீட்டுல ரெண்டும் இல்லையே, பாவம்."

அவன் அப்படித்தான். குத்தினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் குத்துவான். மகள் ஷோகிக் பிறந்தாள். மேல்சரிவில் நட்ட குச்சிகள் பிடித்து, பந்தல் உயரத்துக்கு வந்து, காய்க்கத் தொடங்கின. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் கவாத்து பண்ணி, கொடியைத் தரையோடு வளைத்து, மண்ணைப் போட்டு மூடிவிடுவார்கள். கொடி பூமிக்குள் தூங்கும். பனி உருகியதும் மண்ணை விலக்கி எழுப்பிவிடுவார்கள். மேல்சரிவுப் பழம் சின்னது, கருத்தது, கடித்தால் பல் கூசும். அதிலிருந்து வந்த ஒயின் மட்டும் பண்ணையில் தனித் தொட்டிக்குப் போனது. கல்யாணம் காட்சி என்றால் அந்தத் தொட்டியைத்தான் ஊர்க்காரர்கள் கேட்டார்கள். கேட்கும்போது அவளும் பக்கத்தில் நின்றால், ஒன்றும் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கழுத்து மட்டும் கொஞ்சம் நீளும்.

இருபது வருஷம் இப்படிப் போனது. பிறகு, குடிப்பழக்கத்தை ஒழிக்கிறோம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. திராட்சைத் தோட்டங்களைக் குறைக்க வேண்டும். ஒயின் திராட்சை இருக்கிற இடத்தில் தீவனம் விதைக்க வேண்டும். கார்மிர்தாஷில் முதலில் ஆற்றங்கரைத் தோட்டங்கள் போயின. வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். கடைசியாக மேல்சரிவின் முறை வந்தது.

அப்போது கூட்டுப்பண்ணைத் தலைவர் யார் என்றால், கார்னிக். அவனே சாதெனிக் வீட்டுக்கு வந்தான். அவள் காப்பி போட்டு வைத்தாள். அவன் குடிக்காமல் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"சொல்லு. காப்பி ஆறுது."

"சாதெனிக், மேல்சரிவை எடுக்கணும்."

"தெரியும்."

"இந்த வருஷம் வெட்டிடணும். வர்ற வசந்தத்துல கட்டையைப் பிடுங்கி உழணும். அந்தச் சரிவுல வண்டி ஏத்த உன்னை விட்டா ஆள் இல்ல."

"வச்ச கையாலயே பிடுங்கணுமா? நல்லா யோசிச்சுத்தான் வந்தியா?"

"நான் யோசிச்சா ஆச்சா? என் தலை போயிடும்."

"உன் தலை போனா பரவாயில்ல, உள்ள பெருசா ஒண்ணும் இல்ல" என்றாள். ஸாவென் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். கார்னிக் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான். காப்பி அப்படியே இருந்தது.

உள்ளூரில் கோடரி எடுக்க யாரும் வராததால் வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பழம் பறித்து முடிந்த வாரம் வெட்டினார்கள். சாதெனிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கவில்லை. மேலே போய் வரப்பில் உட்கார்ந்து கடைசிக் கொடி விழும்வரை பார்த்தாள். வெட்டினவர்கள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கணுக்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள் மிச்சம் நின்றன. வெட்டின வாய் பச்சையாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?" என்றான் ஸாவென்.

"மூடிட்டு வரேன். குளிர் வருதில்ல."

"எதை மூடப் போற? அதுதான் வெட்டியாச்சே."

"கட்டை இருக்கு."

 ஸாவென் உள்ளே போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான்.

இருவரும் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு கட்டைக்கும் மண் அணைத்து மூடினார்கள். பனி விழத் தொடங்கும்வரை அந்த வேலை நடந்தது. கீழே இருந்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது சவ அடக்கம் மாதிரி இருந்தது. கடைக்கு வந்தவளிடம் கடைக்காரி கேட்டே விட்டாள்: "என்ன சாதெனிக், பாதிரியாரைக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். உசுரோட இருக்கறவங்களுக்கு ஜெபம் பண்ண மாட்டேன்னுட்டார்" என்றாள் சாதெனிக்.

வெளியே அப்படிப் பேசினாளே தவிர, கட்டை பிழைக்குமா என்று அவளுக்கே தெரியாது. ஒட்டுக்கட்டாத கொடி, சொந்த வேரில் நிற்கிற கொடி, வேர் பாறைக்குள் இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் தெரியும். குளிரில் அவற்றை அம்மணமாக விட்டுவர அவளுக்கு மனசு வரவில்லை.

பனி உருகியது. டிராக்டரை மேலே ஏற்றச் சொல்லி ஆள் வந்தது. அவள் மறுக்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள். கார்னிக் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். அவள் வேறெங்காவது ஓட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று பயம். மேல்சரிவுக்கு வந்ததும் எஞ்சினை அணைத்தாள். இறங்கி, முதல் வரிசையில் மண்டியிட்டு, மண்ணைக் கையால் விலக்கினாள்.

வெட்டுப்பட்ட வாய்க்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து, ஒரு மொட்டு வெளிறிய சிவப்பு நிறத்தில் வீங்கியிருந்தது. அடுத்த கட்டையை விலக்கினாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு.

கார்னிக் பக்கத்தில் வந்து நின்றான். அவள் எழுந்து டிராக்டர் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இந்தா. நீயும் படிச்சவன்தானே. ஏறி ஓட்டு."

"விளையாடாத சாதெனிக்."

"விளையாடல. நான் ஓட்ட மாட்டேன். நீ ஓட்டறதுன்னா ஓட்டு, நான் தடுக்க மாட்டேன். வரப்புல உக்காந்து பாக்கறேன்."

அவன் ஏறினான். நிஜமாகவே ஏறினான். எஞ்சினும் உறுமியது. கலப்பையை இறக்கும் நெம்புகோலைப் பிடித்தபடி அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். முதல் வரிசையில் விலக்கின கட்டைகள் வெயிலில் பளபளத்தன. எஞ்சின் புகை சரிவில் இறங்கிப் போயிற்று. பிறகு எஞ்சின் நின்றது. அவன் இறங்கிவந்து அவளுக்குச் சற்றுத் தள்ளி வரப்பில் உட்கார்ந்தான்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடறேன்" என்றான். "ஆனா உன்னை வண்டியை விட்டு எடுக்கணும். இல்லாட்டி நம்ப மாட்டாங்க."

"எடு."

"மாட்டுக்கொட்டகைக்குத்தான் போடணும்."

"எங்கம்மா இருந்த இடம்தானே. போடு."

"உனக்குக் கோபம் இல்லையா?"

"கோபம் இருக்கு. உன் மேல அப்புறம் வச்சுக்கறேன். இப்ப கொஞ்சம் கை குடு, விலக்கினதை மறுபடி மூடணும். இன்னும் ஒரு பனி இருக்கு."

பண்ணைத் தலைவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மண் அள்ளிப் போட்டார். அதைப் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான். கார்னிக் உயிரோடு இருக்கும்வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டிராக்டர் "ரிப்பேராகவே" கொட்டகையில் கிடந்தது. சாதெனிக் பால் கறந்தாள். நேரம் கிடைத்தபோதெல்லாம் மேலே போய்த் துளிர்களைக் குச்சியில் ஏற்றிக் கட்டினாள். பிறகு வடக்கே பூகம்பம் வந்தது, நாடே அழுதது. திராட்சைக் கட்டைகளை எண்ண யாருக்கும் நேரமில்லை. அதன்பின் ஆர்மீனியாவும் சேர்ந்திருந்த பெரிய ஒன்றியமே உடைந்தது. பண்ணை நிலத்தை வீட்டுக்கு வீடு சீட்டு எடுத்துப் பிரித்தார்கள்.

சாதெனிக் வீட்டுக்கு விழுந்த சீட்டு, ஊரே வாயைப் பிளக்கிற சீட்டு. ஆற்றங்கரையில், வாய்க்கால் ஓரத்தில், காய்க்கிற ஆப்ரிகாட் மரங்களோடு ஒரு துண்டு. மேல்சரிவு விழுந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் இல்லை, பாதை இல்லை, அரைகுறைத் துளிர் மட்டும். அவள் அவர்களிடம் போய், "மாத்திக்கலாமா?" என்றாள். ஒருத்தர் அவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

அன்றைக்குத்தான் ஸாவென் அவளோடு முதல்முறையாகச் சத்தம் போட்டுப் பேசினான்.

"ஆப்ரிகாட்டை விட்டுட்டுக் கல்லை வாங்கிட்டு வந்திருக்கியே! ஷோகிக்குக்கு என்னத்தக் குடுப்பே? கூழாங்கல்லா?"

"ஆப்ரிகாட் யார் வேணா வளப்பாங்க, ஸாவென். அந்தக் கொடி போச்சுன்னா இந்த ஊருல அரெனியே கிடையாது. ஒரு கொடி மிச்சம் இல்ல. உனக்குப் புரியுதா?"

அவன் வெளியே போனான். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் மேல்சரிவுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒரு கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "இதுவும் உன்னை மாதிரிதான், சொன்னாக் கேக்காது" என்று மட்டும் சொன்னான்.

அடுத்து வந்த குளிர்காலங்களைப் பற்றி அந்த நாட்டில் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். போர், எல்லை அடைப்பு, மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. மக்கள் பூங்கா மரத்தை வெட்டினார்கள், பள்ளிக்கூடப் பெஞ்சை எரித்தார்கள், பழத்தோட்டங்களையும் எரித்தார்கள். மேல்சரிவில் கைத்தடி கனத்துக்கு வளர்ந்த கொடிகள் நின்றன. காய்ந்த திராட்சைக் கட்டை மாதிரி நின்று எரிகிற விறகு வேறில்லை. ஷோகிக் கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை இருமியது.

ஒரு காலையில் ஸாவென் கோடரியை எடுத்தான். கொடியை வெட்டத்தான் கிளம்பிவிட்டான் என்று சாதெனிக் நினைத்தாள். அவன் வாசலுக்குப் போகவில்லை, படுக்கையறைக்குள் போனான். கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த வால்நட் மரக் கட்டிலைப் பிளந்து அடுப்புக்குக் கொண்டுவந்தான்.

"இனிமே தரையிலதான். உன் மேல்சரிவு ராணி மாதிரி நிக்கட்டும், நாம பாய்ல படுத்துக்கலாம்."

கட்டிலுக்குப் பிறகு அலமாரி. அலமாரிக்குப் பிறகு மேல்மாடத்துப் பலகை. வீட்டில் மரம் என்று ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. மேலே ஒரு கொடிகூடக் குறையவில்லை. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து இன்று தாயைவிட ஓங்கி நிற்கிறது.

அந்தப் பஞ்சம் தீர்ந்த வருஷம் மேல்சரிவு முழுக் காய்ப்புக் காய்த்தது. பண்ணைத் தொட்டி எல்லாம் துருப்பிடித்துக் கிடந்ததால், பாட்டன் காலத்தில் செய்த மாதிரியே நிலவறையில் மண்ணுக்குள் இறக்கியிருந்த பெரிய தாழிகளைக் கழுவி, தேன்மெழுகு பூசி, பழத்தைக் காலால் மிதித்து ஊற்றினார்கள். குளிர்காலம் கழிந்து தாழி வாயைத் திறந்தபோது ஸாவென்தான் முதல் கரண்டியை மொண்டான். குடித்தான். கரண்டியைக் கீழே வைத்தான்.

"என்ன, புளிச்சுப் போச்சா?" என்றாள் பயந்துபோய்.

"கட்டில் போனா போகுது" என்றான்.

சில வருஷத்தில் ஊர்க்காரர்களுக்கு மீண்டும் திராட்சை ஆசை வந்தது. வெளியூரிலிருந்து வாங்கி நட்ட ஒட்டுக்கன்றுகள் ஒரு குளிரைத் தாங்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொருவராக மேல்சரிவு நோக்கி ஏறினார்கள். கவாத்துக் காலத்தில் அவள் வெட்டும் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஈரமணலில் புதைத்து வைத்து, வசந்தத்தில் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. ஆனால் கேட்க வந்தவர்கள் எல்லாரும் மேலே ஏறித்தான் வரவேண்டும். கீழே கொண்டுவந்து தரமாட்டாள். பாதிரியாரைப் பற்றிக் கேட்ட கடைக்காரியும் மூச்சுவாங்க ஏறிவந்தாள். அவளுக்கு மட்டும் ஒரு கட்டு கூடுதலாகக் கொடுத்தாள் சாதெனிக்.

கார்னிக் கடைசியாக வந்தான். பதவி போய், தலை நரைத்து, கைத்தடியோடு நின்றான்.

"கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்ல" என்றான்.

"வாய் எப்பவுமே உனக்குக் குறைஞ்சதில்லையே. கேளு."

"வாசல்ல பந்தல் போட நாலு குச்சி."

அவள் இருப்பதிலேயே நல்ல குச்சிகளாகத் தேடிப் பொறுக்கிக் கட்டினாள். அவன் சரிவில் இறங்கத் தடுமாறியபோது கட்டைத் தானே சுமந்துகொண்டு அவன் வீட்டு வாசல்வரை போய், குழி தோண்டி, நட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். மேல்சரிவுக் குச்சியை அவள் கீழே கொண்டுபோய்க் கொடுத்தது அந்த ஒரு தடவைதான். கார்னிக் இறந்த வருஷம் அவன் பந்தலில் முதல் காய்ப்பு. அவனை அடக்கம் பண்ணிய அன்றுதான், பண்ணைத் தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு மண் அள்ளின கதையை அவள் ஊரார் முன்னால் சொன்னாள். கார்னிக்கின் மகன் எழுந்துவந்து அவள் கையில் முத்தமிட்டான்.

இப்போது கார்மிர்தாஷில் ஆற்றங்கரையிலிருந்து மலையிடுப்புவரை திராட்சைதான். அத்தனையும் மேல்சரிவின் பிள்ளைகள். சாதெனிக்குக்கு எண்பது தாண்டிவிட்டது. ஸாவென் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஷோகிக்கும் அவள் புருஷனும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன இலையுதிர் காலத்தில் ஊரே சேர்ந்து ஒரு விருந்து வைத்தது. ஆட்டுக்கறி சுட்டார்கள், லவாஷ் ரொட்டி அடுக்கினார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கூஜா ஒயின் வந்தது. சாதெனிக்கை மேசையின் தலைப்பக்கம் உட்காரவைத்து எல்லாக் கூஜாவிலிருந்தும் ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தாள். ஆற்றங்கரைக் களிமண்ணில் வந்தது மெத்தென்று இனித்தது. மலையிடுப்பு மணலில் வந்தது மெலிசாக, மணமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைக்காரியின் மகன் சீண்டினான்: "அத்தை, எல்லாம் உங்க கொடிதானே? அப்போ எங்க ஒயினும் உங்க ஒயினும் ஒண்ணுதான், ஒத்துக்குங்க."

"கொடி என்னுதுதான்டா கண்ணு. மண்ணு உன்னுது" என்றாள் அவள். "குடிச்சுப் பாத்தேன். உங்க மண்ணு நல்ல மண்ணு, குறை சொல்ல மாட்டேன். எங்க மேல்சரிவு மண்ணு வேற."

மேசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வீட்டுக் கூஜாவை எட்டி எடுத்து, அவன் கோப்பை தளும்பும்வரை ஊற்றினாள்.